வலப்பக்கம் போன புகை

பூ மார்க்கெட்டில் விலையைக் கண் பாதி சொல்லும், மூக்கு மீதி சொல்லும். 2009 சித்திரையில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில், எங்கள் கூடையிலிருந்து ஒரு கை மொட்டை அள்ளி முகர்ந்த கமிஷன் கடைக்காரர் அதைத் திரும்பக் கூடையிலேயே விட்டார். "ஏனுங்ணா, மல்லிப் பூ ஏத்தியாந்தீங்களா, டீசல் பேரல் ஏத்தியாந்தீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பூவைவிட எங்கள் பூவுக்கு அன்று கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்குகிற பெண்கள் பறித்த பூ அது. மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்துவிட வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல் வண்டி கிளம்புகிற வரைக்கும் பறிப்பார்கள். அம்மாவும் அவர்களில் ஒருத்தி. வாசம் போய்விட்டது என்று அவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க அப்பா யோசித்துக்கொண்டே வந்ததை நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன்.

எங்கள் ஊர் சத்தியமங்கலத்துக்கும் பவானிசாகருக்கும் நடுவில். சத்தியிலேயே பூ ஏலம் நடக்கும். ஆனால் சுற்றுவட்டாரத்து நாலைந்து தோட்டத்து மல்லி, முல்லை, காக்கடா, சம்பங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோவது அப்பாவின் தொழில். வண்டி ஒரு பழைய டாடா 207. டாடா கம்பெனி 1988-ல் டாடாமொபைல் என்ற பெயரில் பிக்கப் விட்டதே, அந்த வம்சம். இரண்டாம் கையாக வாங்கியது. பின்பக்கத் தொட்டிக்கு மேல் இரும்பு வளையங்கள் நட்டு, அதன்மேல் படுதா போர்த்தியிருந்தோம். பின்வாசலை மட்டும் திறந்தே வைப்போம். அதை மூட முடியாது. பறித்த பிறகும் பூவுக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது, மூச்சில் சூடு பிறக்கிறது. காற்றாட விடாமல் மூடினால் கோவை போவதற்குள் கூடையின் நடுப்பகுதி வெந்து பழுப்பாகிவிடும். அடியில் ஈரச் சாக்கு, மேலே ஈரத்துணி, பின்னால் காற்று. இந்த மூன்றும் இல்லாமல் மல்லிகை எழுபது கிலோமீட்டர் தாங்காது.

அந்தக் காற்றோடு புகையும் வந்துகொண்டிருந்தது. ஈரத்தோடு இருக்கிற மல்லிகை எந்த வாசத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பூக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெங்காயம் ஏற்றிய வண்டியில் மறுநாள் பூ ஏற்றமாட்டார்கள்.

முதலில் இன்ஜினைத்தான் சந்தேகப்பட்டோம். நாசில் கழற்றிச் சுத்தம் செய்தோம். பம்ப்பைக் கொடுத்து அளவு பார்த்து வாங்கினோம். ஏர் ஃபில்டர் மாற்றினோம். கறுப்பாக வந்த புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளுத்தது. வாசம் மட்டும் அப்படியே இருந்தது. செலவழித்த பிறகும் குறை தீராதபோது வருகிற மௌனம் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தது.

அப்போதுதான் கணபதியில் இருந்த ஒரு சைலன்சர் பட்டறைக்குப் போனோம். சத்தி ரோட்டிலிருந்து கோவைக்குள் நுழையும்போது முதலில் காதில் விழுகிற ஊர் கணபதி. லேத்தின் ரீங்காரமும் கிரைண்டரின் கூச்சலும் வார்ப்படப் பட்டறையின் தட்டலும் கலந்த ஓசை அது. டி. பாலசுந்தரம் தொடங்கிய டெக்ஸ்டூல் கம்பெனி இருந்த இடம். அங்கே வேலை பழகி வெளியே வந்து, வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு லேத்தை வைத்துத் தொழில் தொடங்கியவர்கள் அந்தப் பகுதியில் பலர். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊரில், கடையில் கிடைக்காத பொருள் என்றால் யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. செய்துவிடலாமுங்க என்பார்கள். மேஸ்திரியும் டெக்ஸ்டூல்காரர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "வண்டில வாழநாரு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பூ கட்டுகிற நார் எங்கள் வண்டியில் எப்போதும் இருக்கும். அதை முழ நீளத்துக்குக் கிழித்து, படுதாவின் பின்விளிம்பில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் கட்டினார். அப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டு என்னைத் தொட்டிக்குள் உட்கார வைத்து, தானும் ஏறிக்கொண்டார். சரவணம்பட்டியை நோக்கி வண்டி வேகம் எடுத்தது. நார்கள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் பறக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக அவை உள்பக்கம் திரும்பின. என் முகத்தைப் பார்த்து, டிரைவர் சீட்டை நோக்கி, நடுங்கிக்கொண்டே நின்றன. ஒன்று என் கன்னத்தைத் தொட்டது.

"பாத்தியா கண்ணு? காத்து பொறத்தாலிருந்து உள்ளாரதான் வருது" என்றார் மேஸ்திரி.

ஓடுகிற வண்டி காற்றைப் பிளந்துகொண்டு போகிறது. பிளந்த காற்று வண்டியின் முதுகுக்குப் பின்னால் உடனே வந்து சேர்ந்துகொள்வதில்லை. அங்கே அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பச் சுற்றியிருக்கும் காற்று சுழன்று முன்னோக்கி ஓடி வருகிறது. மண்பாதையில் போகிற பஸ்ஸின் பின்கண்ணாடியில் மட்டும் புழுதி அப்பிக்கொள்வது இதனால்தான். எங்கள் சைலன்சர் குழாய் சரியாக அந்தப் பள்ளத்துக்குள் வாயைத் திறந்துகொண்டிருந்தது. எழுபது கிலோமீட்டரும் புகையை நாங்களே பூவுக்கு ஊட்டிக்கொண்டு போயிருக்கிறோம். நாசிலிலும் பம்பிலும் பணம் போட்ட எங்களுக்கு ஒரு வாழைநார் அதைக் காட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

குழாயைப் பக்கவாட்டில் விடுவது என்று முடிவானது. அப்பா டிராக்டர் மாதிரி மேலே தூக்கிவிடலாமா என்று கேட்டார். சூடான குழாய்க்குப் பக்கத்தில் படுதா ஆகாது என்றார் மேஸ்திரி. இடது பக்கமா, வலது பக்கமா? நான் இடது என்றேன். அந்தப் பக்கம் குழாய் போக இடம் தாராளமாக இருந்தது. மேஸ்திரி வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இடது பக்கம் சனம் நிக்கும் தம்பி. பஸ் ஸ்டாப்புல பொம்பளைங்க கொழந்தையோட நிக்கறாங்க, நீ போய் புகைய அவங்க மேல விடுவியா? பிரேக் இன்ஸ்பெக்டரும் எஃப்சி தரமாட்டாருங்க."

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது எழுதியே இருக்கிறது. புகை இடப்பக்கம் போகக் கூடாது, தரையை நோக்கியும் போகக் கூடாது. நேராகப் பின்னால் விடலாம், அல்லது வலப்பக்கம் சாய்த்து விடலாம். அந்தச் சாய்வும் முப்பது டிகிரிக்கு மேல் போகப்படாது என்பது மேஸ்திரியின் கணக்கு. வலப்பக்கம் நடுரோடு. நிற்கிற ஆளுக்கு அங்கே இடம் இல்லை. புத்தகத்தைப் பிரித்து அவர் எதையும் சொல்லவில்லை. நான்தான் பிற்பாடு தேடிப் படித்தேன், அவர் சொன்னதெல்லாம் அதில் இருந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மனதுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருடம் நண்பர்களோடு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். பந்தய வீரர் கரிவர்தன் பெயரைத் தாங்கிய அந்தத் தடத்தில் கார்கள் வளைவில் வேகம் குறைத்து மறுபடி சீறும்போது எழுகிற ஓசை நெஞ்சுக்கூட்டைத் தட்டும். வீட்டுக்கு வந்தும் பல நாள் அது எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. குழாயைப் பக்கவாட்டில் விடுகிறோம், அப்படியே சைலன்சரையும் எடுத்துவிட்டால் எங்கள் 207 எப்படிப் பேசும் என்று கற்பனை செய்தேன். மேஸ்திரியிடம் தனியாகப் போய்க் கேட்டும்விட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் மூலையில் கிடந்த ஒரு செத்த சைலன்சரை இழுத்து வந்தார். கட்டிங் வீல் வைத்து நீளவாக்கில் பிளந்து, தேங்காய் மூடி மாதிரி இரண்டாகத் திறந்து வைத்தார். உள்ளே மூன்று அறைகள். அறைகளுக்கு நடுவே தகரத் தடுப்பு. ஒரு குழாய் ஒரு அறையில் முடிகிறது, இன்னொன்று அடுத்த அறையில் தொடங்குகிறது, உடம்பெல்லாம் சல்லடையாக ஓட்டை. கரி செதில் செதிலாக உதிர்ந்தது. சிலிண்டரிலிருந்து ஒவ்வொரு தரமும் குண்டு போல் வெடித்து வருகிற காற்று ஓர் அறையில் விரிந்து, ஓட்டைகளில் சிதறி, அடுத்த அறையில் மறுபடி விரிந்து களைத்துப் போகிறது. குழாயின் வாய்க்கு வருவதற்குள் அதற்குப் பெருமூச்சுதான் மிச்சம்.

"வலது பக்கம் வாய் வெச்சா அது ஆரு காதுக்குக் கிட்ட இருக்கும்னு ரோசனை பண்ணு" என்றார்.

டிரைவர் காதுக்கு. நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். தினமும் போக எழுபது, வர எழுபது கிலோமீட்டர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்காருகிறவர் என் அப்பா. நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

வாயை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் மேஸ்திரிக்கே பெரிய யோசனையாக இருந்தது. முன்னால் தள்ளத் தள்ள, புகை வண்டியின் முதுகுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளிக்காற்றில் கலைந்துவிடும். ஆனால் அந்த அளவுக்கு டிரைவர் ஜன்னல் கிட்டத்தில் வரும். பின்னால் தள்ளினால் காதுக்கு நல்லது, பூவுக்குக் கெட்டது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், தொட்டியின் வெளிவிளிம்போடு விளிம்பாக என்று கடைசியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். கோடு போட்ட பிறகு கால் மணி நேரம் பீடி பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய குழாயைக் கழற்றவே ஒரு நாள் ஆயிற்று. ஃபிளேஞ்சு போல்ட்டுகள் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தன. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் நட்டை மட்டும் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சித் திருப்பினார். ஒன்று அறுந்தது, இரண்டு வந்தன. பிறகு ஆறு எம்எம் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். குழாய் எந்த வழியாகப் போக வேண்டுமோ அந்த வழியாகக் கம்பியைக் கையாலேயே வளைத்து வளைத்துக் கொண்டுவந்தார். சைலன்சர் வாயிலிருந்து கிளம்பி, சேஸிக்கு அடியில் குனிந்து, வெளியே வந்து, பின்பக்கம் பார்த்துச் சாய்ந்து நின்றது கம்பி. அதுதான் வரைபடம்.

டீசல் குழாய் போகிற இடத்தில் மட்டும் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து இரண்டுக்கும் நடுவில் அகலவாக்கில் வைத்துப் பார்த்தார். டீசல் போகிற குழாய்க்கும் புகைக் குழாய்க்கும் 35 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது 113-வது விதி. தீப்பெட்டியின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். அவருக்கு அது போதவில்லை. பெட்டியை நீளவாக்கில் திருப்பி வைத்து, அது நுழைகிற வரைக்கும் கம்பியை மறுபடி வளைத்தார்.

இரண்டு அங்குலம், பதினாறு கேஜ் இரும்புக் குழாய் புதிதாக வாங்கி வந்தோம். வெறும் குழாயை வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். நசுங்கிய இடத்தில் புகை திணறும், திணறல் இன்ஜினுக்குத் திரும்பும், வண்டி ஏற்றத்தில் முக்கும். அதற்காகக் குழாய்க்குள் மணலை இறுக அடைத்து இருபுறமும் மரக்கட்டையால் ஆப்பு வைத்து வளைப்பது பழைய முறை. ஆனால் மணலை அடைப்பதற்கு முன் மேஸ்திரி செய்ததை நான் மறக்கவே மாட்டேன். விறகடுப்பு மூட்டி, பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, நிலக்கடலை வறுக்கிற மாதிரி கரண்டியால் புரட்டிப் புரட்டி ஒரு மணி நேரம் வறுத்தார். துளி ஈரம் இருந்தாலும் காய்ச்சும்போது அது ஆவியாகி ஆப்பைத் துப்பாக்கிக் குண்டு போல் தெறிக்க வைக்கும். அப்படித் தெறித்ததில் கண் போன ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார். மணலை உள்ளங்கையில் வைத்து ஊதி, அது புகை மாதிரிப் பறந்த பிறகுதான் அடைத்தார்.

குழாய் செம்பருத்தி நிறத்துக்கு வந்ததும் இரண்டு பேர் பிடித்து, கம்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வளைத்தார்கள். ஒரே திருப்பாகத் திருப்பாமல் இரண்டு சாய்வான வளைவுகள். ஆற்றுத் தண்ணீர் திரும்புகிற மாதிரி திரும்பணும் என்றார். வண்டிக்கு அடியில் தூக்கிப் பிடித்துப் பொட்டு வைத்து, கழற்றி, முழு வெல்டிங் அடித்து, மறுபடி மாட்டினார்கள். தொட்டியின் பலகைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. தொங்குகிற இடங்களில் ரப்பர். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. நாசிலுக்கும் பம்ப்புக்கும் நாங்கள் கொடுத்ததில் அது பாதிகூட இல்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்தபோது ஓசை முன்பைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான். வால் குட்டையானதால் வந்த கனம். அப்பா இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் பின்பக்கம் போய், படுதாவுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மறுநாள் அம்மா வாசலில் நின்று எங்களை அனுப்பினாள். பூ மார்க்கெட்டில் அந்தக் கடைக்காரர் அள்ளினார், முகர்ந்தார், தராசில் கொட்டினார். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. மார்க்கெட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாவது வாரம் தொங்கட்டான் ரப்பர் ஒன்று இளகிக் குழாய் லேசாக ஆடுவதைப் பார்த்தேன். ஆட்டம் எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் கேட்காமல், ரப்பர்களைக் கழற்றிவிட்டு இரும்புப் பட்டையால் குழாயைச் சேஸியோடு இறுக்கிவிட்டேன். அசையாமல் நின்றது. வேலையைச் சரியாகச் செய்ததாக நம்பினேன்.

ஆறாம் நாள், புளியம்பட்டி தாண்டி இருட்டில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வருகிற குழாய் ஃபிளேஞ்சுக்குப் பக்கத்தில் வெடித்துப் பிளந்தது. டீசல் இன்ஜின் தன் ரப்பர் படுக்கையின்மேல் எப்போதும் குலுங்கிக்கொண்டே இருக்கிறது. சேஸி அப்படிக் குலுங்குவதில்லை. ஆடுகிற ஒன்றையும் ஆடாத ஒன்றையும் இரும்பால் பூட்டினால், நடுவில் இருக்கிற வெல்டிங்தான் தாங்க வேண்டும். அது ஐந்து நாள் தாங்கியிருக்கிறது.

நான் ஆசைப்பட்ட ஓசை அப்போதுதான் வந்தது. சைலன்சருக்கு முன்னாலேயே பிளந்ததால் ஒரு தடுப்பும் இல்லாமல், முழுசாக. ரோட்டோரத்து நாய்கள் எழுந்து துரத்தின. ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, அடுத்த வீட்டில் கைக்குழந்தை அழுதது எனக்குக் கேட்டது. அப்பா உடனே வண்டியை ஓரம் கட்டி அணைத்தார். அந்த இருட்டில் வந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. "நான்தாங்ப்பா பட்டையப் போட்டேன்" என்றேன். அவர் டார்ச்சை என் கையில் கொடுத்தார். "பூவு வாடறதுக்குள்ள போகோணும் சாமி. புடி" என்று மட்டும் சொன்னார்.

கிரீஸ் டப்பாவை வெட்டித் தகரமாக்கி, பிளவின்மேல் சுற்றி, கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் முறுக்கினோம். சூட்டில் என் இடது கட்டைவிரல் வெந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அன்னூருக்குள் போகும்போது அப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், மூன்றாவது கியரில், தூங்குகிறவர்களுக்கு நடுவே நடக்கிற மாதிரி வண்டியை நடத்தினார். மார்க்கெட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வரும்போது மேஸ்திரி பட்டையைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பரை மாட்டி, இந்தத் தடவை ஃபிளேஞ்சுக்குப் பின்னால் நெளிகிற பெல்லோ ஒன்றையும் வைத்தார். ஏன் என்று கேட்டேன். குழாயைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது. "ஆடோணும்" என்றார்.

அந்தக் குழாய் பிறகு ஒன்பது வருடம் இருந்தது. எஃப்சிக்குப் போன ஒவ்வொரு தரமும் இன்ஸ்பெக்டர் வலப்பக்கம் குனிந்து பார்ப்பார், ஒரு தடவை மட்டும் யார் செய்தது என்று கேட்டார். 2018-ல் வண்டியை விற்றோம். அதற்கு அடுத்த வருடம் அப்பா போய்விட்டார்.

இப்போது நான் ஓட்டுவது பிஎஸ்-6 பிக்கப். 2020 ஏப்ரலில் அந்த விதி வந்ததிலிருந்து புகைப் பாதையில் கரியைப் பிடிக்கிற வடிகட்டியும் சென்சார்களும் வந்துவிட்டன. அதில் யாரும் கட்டிங் வீலை வைக்க முடியாது, வைக்க வேண்டிய தேவையும் இல்லை. வாங்கிய முதல் நாள் படுதாவின் விளிம்பில் வாழைநார் கட்டி ஓட்டிப் பார்த்தேன். நார்கள் அதேபோல உள்ளேதான் திரும்பின. கூடையில் தலையை விட்டு முகர்ந்தேன், மல்லிகை வாசம் மட்டும்தான் வந்தது.

போன தை மாதம் கணபதி வழியாக வரும்போது பட்டறையில் நிறுத்தினேன். மேஸ்திரிக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, மகன்தான் வேலை பார்க்கிறான். சுவரில் ஆணியடித்து நூறு கம்பிகள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. எங்கள் கம்பியைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சேஸிக்குக் குனிகிற வளைவுக்கு முன்னால், டீசல் குழாய்க்காகத் தீப்பெட்டி வைத்துத் தள்ளிய அந்தச் சின்ன மேடு அதில் இருந்தது. நுனியில் சாக்கட்டியில் '207, சத்தி மல்லி' என்று எழுதி, அழியாமல் இருக்க மேலே செலோ டேப் சுற்றியிருந்தது. அதைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

மேஸ்திரி கையை நீட்டிக் கம்பியைத் தடவிப் பார்த்தார். மேடு வந்த இடத்தில் விரல் நின்றது.

"இருக்கட்டும் தம்பி, இங்கயே இருக்கட்டும்" என்றார். "207 இன்னும் ரோட்டுல ஓடுதுங்களே. பூக்காரங்க ஆராச்சும் வருவாங்க."